பழைய வண்டியும் புதிய விளக்கும்: ஹோர்ட்டன் சமவெளிக்கு ஒரு விடிகாலைப் பயணம்

மலைநாட்டைக் காணச் செல்வோர் ஹோர்ட்டன் சமவெளியைக் காணாது திரும்பலாகாது என்பர். ஆனால், அங்கு செல்வோருக்கு ஒரு நிபந்தனை உண்டு. 'உலக முடிவு' என்னும் பெரும் பள்ளத்தின் விளிம்பில் நின்று கீழேயுள்ள நிலத்தைப் பார்க்க விரும்புவோர் காலை 9 அல்லது 10 மணிக்கு முன்னர் அங்கே இருத்தல் வேண்டும். அதன்பின் பள்ளத்திலிருந்து எழும் மூடுபனி வெண்திரை போல் யாவற்றையும் மறைத்துவிடும். ஆதலின் நுவரெலியாவிலிருந்தோ அதற்கும் அப்பாலிருந்தோ புறப்படுவோர் இருள் நீங்குமுன்னரே மலைப்பாதையில் ஏறிவிடுதல் வழக்கம்.

இருளில், மூடுபனியில், வளைவுகள் நிறைந்த பாதையிற் செல்வோருக்கு வண்டியின் எஞ்சினைப் போலவே அதன் விளக்கும் உயிர்த்துணையாகும். 2024ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் குடும்பத்துடன் நாம் மேற்கொண்ட பிரயாணம் இதனை எமக்கு நன்கு உணர்த்திற்று. சமவெளியைப் பற்றி எழுதவே பேனாவை எடுத்தோம். எனினும், எம்மை அங்கு கொண்டுசென்ற பழைய வண்டியையும் அதற்கு இட்ட புதிய விளக்கையும் பற்றிச் சொல்லாமல் அப்பயணத்தைச் சொல்ல இயலாதிருக்கின்றது.

தலவாக்கலையில் இறங்கினோம்

கொழும்புக் கோட்டையிற் காலையில் ஏறிய புகையிரதம் பிற்பகலில் எம்மைத் தலவாக்கலையில் இறக்கியது. நாம், இல்லாள், உயர்தர வகுப்பிற் பௌதிகவியல் பயிலும் மகன், பத்து வயது மகள் ஆகிய நால்வரும் மூட்டை முடிச்சுகளுடன் வெளியே வந்தபோது, எம்முடன் ஒருகாலத்தில் ஒன்றாய்ப் பயின்ற நண்பர் புன்முறுவலுடன் காத்து நின்றார். அவர் தோட்டத்துப் பாடசாலையில் ஆசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குப் பின்னால் நின்றது அவருடைய லாந்து றோவர்.

மேல் கொத்மலைத் திட்டத்தின் நீர்த்தேக்கம் 2012ஆம் ஆண்டு முதல் தலவாக்கலையின் முகத்தையே மாற்றிவிட்டது. முன்னர் ஆறு ஓடிய இடத்தில் இன்று அகன்ற நீர்ப்பரப்பு வானத்தைக் காட்டிக்கொண்டு கிடக்கின்றது. அதன் கரையில் நின்று அதனைப் பார்த்தோம். கடைத்தெருவில் அரிசியும் மரக்கறியும் வாங்கினோம். இவ்வாறு பொழுது போக்கியதால், நண்பரின் தோட்டத்தை நோக்கி வண்டி புறப்பட்டபோது மாலை மங்கிவிட்டது.

இவ்விடத்தில் அந்த வண்டியை வாசகர்களுக்கு அறிமுகப்படுத்துதல் முறையாகும். லாந்து றோவர் என்னும் வண்டி முதன்முதலாக 1948ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் திகதி அம்ஸ்ரடாம் நகரில் நடைபெற்ற மோட்டார்க் காட்சியில் உலகுக்குக் காட்டப்பட்டது. போருக்குப் பின் இங்கிலாந்தில் உருக்குத் தகடு கிடைத்தல் அரிதாயிருந்தமையால் அதன் உடலை அலுமினியக் கலப்புலோகத்தாற் செய்தனர். அதனாலேயே எழுபது ஆண்டுகள் மழையில் நனைந்த வண்டிகளும் இன்னும் உருக்குலையாது ஓடுகின்றன. நான்கு சில்லுகளும் ஒருங்கே இழுக்கும் ஆற்றல் உடையதாதலின், சேறும் கல்லும் நிறைந்த தேயிலைத் தோட்டங்களில் துரைமாரின் விருப்பத்திற்குரிய வாகனமாயிற்று.

நண்பருடைய வண்டி 1959ஆம் ஆண்டுக்குரியது. இரு தலைவிளக்குகளும் முகத்தின் நடுவே, எஞ்சினின் முன்தட்டில், ஒன்றையொன்று நெருங்கி அமைந்திருந்தன. அவை ஒரு முதியவரின் மூக்குக்கண்ணாடி போல் இருப்பதாக எம் மகள் சொன்னாள். 1975ஆம் ஆண்டிற் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாகிச் சில ஆண்டுகள் சென்றபின், பழைய வண்டிகள் ஏலத்தில் விடப்பட்டபோது, தோட்டத்து லொறிச் சாரதியாயிருந்த நண்பரின் தந்தையார் அதனை விலைக்கு வாங்கினாராம். துரையை ஏற்றிய வண்டியிற் பின்னர் தோட்டத்து மக்களே ஏறினர். தந்தைக்குப்பின் அது மகனிடம் வந்தது.

புகை எழுந்தது

பிரதான வீதியை விட்டுத் தோட்டப் பாதையில் திரும்பியதும் நன்றாக இருட்டிவிட்டது. நண்பர் விளக்கை ஏற்றினார். தலைவிளக்குகளின் மங்கிய மஞ்சள் ஒளிக்கு மேலாக, முன்னால் நீளமாகப் பொருத்தப்பட்டிருந்த ஒரு புதிய விளக்குச் சட்டம் பளீரென வெள்ளொளி வீசியது. தேயிலைச் செடிகளின் ஒவ்வோர் இலையும் தெரிந்தது. "எல்.ஈ.டி. விளக்கு. போன வாரந்தான் பூட்டினேன்" என்று நண்பர் பெருமிதத்துடன் கூறினார். எம் மகன் வியப்புடன் அதனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அரை மைல் சென்றிருப்போம். துணி கருகுவது போன்றதொரு நாற்றம் எழுந்தது. முன்பலகையிலிருந்த அம்பியர்மானியின் முள் துடிதுடித்தது. அடுத்த கணம் சாரதியின் காலடியிலிருந்து வெண்புகை கிளம்பியது. விளக்குகள் யாவும் ஒருங்கே அவிந்தன. ஒரு புறம் மலைச்சுவர், மறுபுறம் பள்ளம். நண்பர் பதறாது வண்டியை நிறுத்தி, "எல்லாரும் இறங்குங்கள்" என்று கூவினார். பிள்ளைகளை இழுத்துக்கொண்டு நாம் இறங்குவதற்குள் அவர் எஞ்சின் மூடியைத் திறந்து, ஸ்பனரால் பற்றரியின் கம்பியைக் கழற்றிவிட்டார். புகை சிறிது சிறிதாக அடங்கியது. இன்னும் இரண்டு நிமிடம் சென்றிருந்தால் வண்டி தீப்பற்றியிருக்கும் என்பதில் ஐயமில்லை.

எஞ்சிய ஒரு மைல் தூரத்தையும் கைத்தொலைபேசியின் சிறு வெளிச்சத்தில் நடந்தே கடந்தோம். மகள் எம் கையை விடவேயில்லை.

அன்றிரவு சோறு உண்டபின் நண்பர் காரணத்தைச் சொன்னார். 2023ஆம் ஆண்டின் ஐப்பசி மழையில் ஓரிரவு, மேற்பிரிவு லயத்திலிருந்த ஒரு பெண்ணுக்குப் பேறுகால நோவு கண்டதாம். அந்த மழையில் முச்சக்கர வண்டி ஏறிவர இயலாத பாதை அது. வழக்கம்போல் இவரை எழுப்பினர். பாதிவழியிற் பழைய தலைவிளக்குகள் இரண்டும் மங்கி மங்கி அவிந்துவிட்டன. பெண்ணின் கணவனும் தம்பியும் மின்சூள்களைப் பிடித்துக்கொண்டு முன்னே ஓட, அவர்களின் முதுகைப் பார்த்தே இவர் வண்டியைச் செலுத்தினாராம். தாயும் சேயும் பிழைத்தனர். "ஆனால், அந்த இரவை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு நடுங்குகிறது. அதனாலேதான் கிடைத்த முதல் விளக்கை வாங்கிப் பூட்டினேன்" என்றார் அவர்.

விளக்கு அவருக்கு அலங்காரத்திற்குரிய பொருளன்று என்பது அப்போது எமக்கு விளங்கிற்று. கொழும்பிற் பஞ்சிகாவத்தையில் ஒரு சோடி எல்.ஈ.டி. தலைவிளக்குகளை வாங்கி வருமாறு அவர் எம்மை வேண்டியிருந்ததன் பொருளும் புலப்பட்டது. அவை எமது பையிற் பத்திரமாக இருந்தன.

கம்பியைப் பார்த்த பெரியவர்

மறுநாட் காலையில் தோட்டத்து டிரக்டரிற் கட்டி வண்டியைப் பட்டணத்துக் கராஜுக்கு இழுத்துச் சென்றோம். அங்கே வாகனங்களுக்கு வயரிங் வேலை செய்யும் பெரியவர் ஒருவர் இருந்தார். வயது எழுபதைக் கடந்திருக்கும். பன்னிரண்டு வயதிற் கற்ற தொழில் என்றார். நண்பர் அவரை 'அண்ணே' என்றழைத்தார்.

நாம் கொண்டுவந்த விளக்குகளை அவர் கையில் எடுத்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, ஒரு மூலையில் வைத்துவிட்டார். பின்னர் வண்டியின் கீழே புகுந்தார். அரைமணி நேரஞ் சென்று வெளியே வந்தபோது அவர் கையிற் கருகிய கம்பித் துண்டொன்று இருந்தது.

"புது லைட்டு போடுறதுக்கு முந்தி பழைய வயரப் பார்க்கணும்ங்க. லைட்டு கண்ணுக்குத் தெரியுது, எல்லாரும் பார்க்கிறாங்க. வயரு உள்ள கெடக்கு, யாரும் பார்க்கிறதில்ல" என்றார்.

நேர்ந்தது இதுதான். அக்காலக் கம்பிகள் இறப்பரின்மேல் பருத்தி நூல் பின்னிய உறையுடையவை. அறுபது ஆண்டுகளில் அந்த உறை பொடிப்பொடியாக உதிரும் நிலைக்கு வந்துவிட்டது. எஞ்சினுக்கும் சாரதியின் இடத்திற்கும் நடுவேயுள்ள உலோகச் சுவரிற் கம்பிகள் நுழையும் துவாரத்தில் ஓர் இறப்பர் வளையம் இருத்தல் வேண்டும். அது எப்போதோ இற்று விழுந்துவிட்டது. கம்பி தகட்டின் விளிம்பில் உராய்ந்து உராய்ந்து வெறும் செம்பு வெளிப்பட்டுவிட்டது. அந்நிலையில், புதிய விளக்குச் சட்டத்தைப் பூட்டியவர் அதற்கெனத் தனிக்கம்பி இழுக்காமல், பழைய தலைவிளக்குக் கம்பியிலேயே ஒட்டுப் போட்டிருந்தார். கல்லில் வண்டி குலுங்கியபோது செம்பு தகட்டைத் தொட்டது, கம்பி பழுத்தது, உறை பற்றியது.

"பியூஸ் எரிந்து காப்பாற்றியிருக்க வேண்டாமா?" என்று எம் மகன் கேட்டான். நல்ல கேள்வி என்று பெரியவர் தலையசைத்தார். அந்த வண்டியில் இருந்தவை இரண்டே உருகிகள். தலைவிளக்குகளுக்குச் செல்லும் மின்னோட்டம் அவ்விரண்டில் எதனூடாகவும் செல்வதில்லை. ஓர் உருகி எரிந்தால் நள்ளிரவில் இரு விளக்கும் ஒருங்கே அவிந்துவிடுமே என்று அஞ்சி அக்காலத்தார் அவ்வாறு அமைத்தனர் போலும். ஆகவே, உருகி எரியவேண்டிய இடத்திற் கம்பியே எரிந்தது.

மாணவர்கள் ஒரு கணக்கைப் பார்க்கலாம். 50 வாற் கொண்ட இரு பழைய மின்குமிழ்கள் 12 வோல்ற்றில் எட்டு அம்பியருக்குச் சற்று மேல் இழுக்கும். அதன்மேல் 120 வாற் விளக்குச் சட்டம் 10 அம்பியர் இழுக்கும். இரண்டும் சேர்ந்து 18 அம்பியர். அந்த வண்டியின் டைனமோ முழு வேகத்திற் சுழலும்போதே சுமார் 20 அம்பியர்தான் தரும். இறக்கத்திலும் வளைவிலும் எஞ்சின் மெல்லச் சுழலும்போது அது தருவது மிகச் சொற்பம். அப்போது பற்றரியிலுள்ள சேமிப்பே கரையும். ஐப்பசி இரவில் விளக்குகள் மங்கியமைக்கும் இதுவே பாதிக் காரணம். நாம் கொண்டுசென்ற புதிய தலைவிளக்குகளோ ஒவ்வொன்றும் 30 வாற். இரண்டுமாக 5 அம்பியருடன் நிறைவடைந்து, பழையவற்றிலும் பன்மடங்கு ஒளி தருவன. பழைய டைனமோவுக்கு எல்.ஈ.டி. உண்மையான உபகாரம் செய்வது இங்கேதான்.

நேரும் மறையும்

அடுத்த சிக்கல் வேறு வகையினது. எமது பாடசாலை நூல்களில் எல்.ஈ.டி.யை 'ஒளிகாலும் இருவாயி' என்று எழுதியிருப்பதை மாணவர்கள் அறிவர். மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டுமே செல்லவிடும் பொருள் அது. பழைய இழைக்குமிழுக்குத் திசை கிடையாது. எப்படி இணைத்தாலும் எரியும். இருவாயியோ நேர்முனையையும் மறைமுனையையும் மாற்றி இணைத்தால் எரியாது. அக்காலப் பிரித்தானிய வாகனங்கள் பலவற்றிற் பற்றரியின் நேர்முனையே வண்டியின் உடலுடன் புவித்தொடுப்பாக இணைக்கப்பட்டிருந்தது. லாந்து றோவரில் 1967 அளவிலேயே இது மாற்றப்பட்டது. இன்றைய விளக்குகள் பெரும்பாலும் மறைமுனை உடலில் இருக்கும் வாகனங்களுக்கென்றே செய்யப்படுகின்றன.

விளக்குச் சட்டத்திற்கு இரண்டே கம்பிகள். முதலில் எரியாதபோது பூட்டியவர் அவற்றை மாற்றி இணைத்துத் தப்பிவிட்டார். தலைவிளக்குக்கு மூன்று முனைகள்: தூர ஒளிக்கு ஒன்று, தாழ்ந்த ஒளிக்கு ஒன்று, இரண்டுக்கும் பொதுவாக ஒன்று. அந்தப் பொதுமுனை மறையாகவே இருத்தல் வேண்டும். அங்கே தந்திரம் பலியாது. "வண்டியத்தான் மாத்தணும்" என்றார் பெரியவர்.

மாற்றினார். பற்றரியைத் திருப்பி வைத்து மறைமுனையை உடலுடன் இணைத்தார். அம்பியர்மானியின் இரு கம்பிகளையும், எரிபற்றுச் சுருளின் இரு சிறு கம்பிகளையும் இடம் மாற்றினார். இறுதியில் டைனமோவின் 'எஃப்' என்னும் முனையிலிருந்த கம்பியைக் கழற்றிவிட்டு, பற்றரியின் நேர்முனையிலிருந்து வந்த ஒரு கம்பியால் அந்த முனையை இரண்டு மூன்று முறை கணப்பொழுது தொட்டார். சிறு பொறிகள் பறந்தன. டைனமோவின் இரும்பில் மிஞ்சியிருக்கும் காந்தத்தின் திசை அத்தொடுதலால் மாறிவிடுகின்றதாம். புத்தகத்திற் படித்த மின்காந்தம் கண்முன் நிகழக் கண்ட எம் மகன், அதன்பின் மதிய உணவுக்கும் வெளியே வர மறுத்தான்.

கம்பிகளின் நிறங்களையும் அவனுக்குப் பெரியவர் கற்பித்தார். பற்றரியிலிருந்து வரும் பிரதான கம்பி கபிலம். தலைவிளக்குக்கு நீலம், அதில் வெள்ளைக் கோடிட்டது தூர ஒளிக்கு, சிவப்புக் கோடிட்டது தாழ்ந்த ஒளிக்கு. பக்க விளக்குக்கும் பின் விளக்குக்கும் சிவப்பு. புவித்தொடுப்புக்குக் கறுப்பு. பெரியவர் ஆங்கிலம் எழுதப் படிக்க அறியார்; ஆயினும், பிரித்தானிய வண்டி எதுவாயினும் அதன் கம்பிகளை நிறத்தைக் கொண்டே வாசித்துவிடுவார்.

இரண்டு நாட்கள் வேலை நடந்தது. பழைய கம்பிகள் யாவும் நீக்கப்பட்டன. புதியவை இறப்பர் வளையங்களினூடாகச் சென்றன. தூர ஒளிக்கும் தாழ்ந்த ஒளிக்கும் தனித்தனியே றிலேயும் 10 அம்பியர் உருகியும் வைக்கப்பட்டன. அதனாற் காலால் மிதித்து ஒளியை மாற்றும் பழைய ஆளியினூடாகச் சொற்ப மின்னோட்டமே இனிச் செல்லும். அலுமினியமும் உருக்கும் ஈரத்திற் சேருமிடத்தில் அரிப்புண்டாகி மின்னோட்டம் தடைப்படுமாதலின், விளக்குகளின் கறுப்புக் கம்பியை உடற்தகட்டில் முறுக்கிவிடாமல் நேரே பற்றரி வரை கொண்டுசென்றார். புதிய விளக்கின் பின்புறத்தில் வெப்பத்தை வெளியேற்றும் உலோகச் செதில்கள் பழைய கிண்ணத்துள் அமரவில்லை. கிண்ணத்தின் அடியை அளந்து வெட்டினார். "சூடு வெளிய போகலேன்னா இந்த லைட்டு சீக்கிரம் செத்துப்போகும்" என்றார். திரும்பும் திசை காட்டும் விளக்குகளுக்கும் எல்.ஈ.டி. இட்டபோது அவை சிமிட்டாமல் அசையாது எரிந்தன. மின்னோட்டத்தின் வெப்பத்தால் இயங்கும் பழைய சிமிட்டி, இவ்வளவு குறைந்த மின்னோட்டத்தை உணராதாம். அதற்கும் புதியதொன்று மாற்றப்பட்டது.

நீண்ட விளக்குச் சட்டத்தை மட்டும் அவர் மீண்டும் பூட்ட மறுத்தார். எம் மகன் அதற்காகப் பரிந்து பேசினான்.

"தம்பி, இந்த ரோட்டுல நீ மட்டுமா போற? கொழுந்து நிறுத்துட்டு இருட்டுல வீட்டுக்கு நடக்கிற பொம்பளங்க கண்ணுல இத அடிச்சா, அவங்க பள்ளம் எது ரோடு எதுன்னு தெரியாம நிப்பாங்க. நீ பார்க்கிறதுக்காக அவங்கள குருடாக்கலாமா?"

அன்று மாலை இருட்டியதும், கராஜுச் சுவரிலிருந்து 25 அடி தூரத்தில் வண்டியை நிறுத்தி, விளக்குகளின் உயரத்தைச் சுவரிற் சோக்கினாற் குறித்தார். தாழ்ந்த ஒளியின் மேல்விளிம்பு அக்கோட்டிற்கு இரண்டங்குலம் கீழே நிற்குமாறு திருகாணிகளைத் திருப்பினார். ஒளியின் இடது பக்கம் சிறிது மேலேறி வீதியோரத்தைக் காட்டிற்று. இடப்புறமாகச் செல்லும் நம் நாட்டிற்கு அதுவே பொருத்தம். வலப்புறமாகச் செல்லும் நாடுகளுக்குரிய விளக்கை அறியாது வாங்கிப் பூட்டினால், அந்த ஒளி எதிரே வருபவரின் கண்ணிற் குத்தும். விளக்கு வாங்குவோர் இதனை மறவாதிருத்தல் நன்று.

வெண்மையான இந்த ஒளியின் பின்னே பெரியதோர் உழைப்பு உண்டு. 1962ஆம் ஆண்டில் அமெரிக்கரான நிக் ஹொலொனியாக் சிவப்பு ஒளி தரும் இருவாயியைச் செய்தார். நீல ஒளி கைவரப் பின்னும் முப்பது ஆண்டுகள் சென்றன. நீலத்தின்மேல் மஞ்சள் ஒளிரும் பூச்சை இட்டபோதே வீட்டுக்கும் வீதிக்கும் பயன்படும் வெள்ளொளி பிறந்தது. நீல இருவாயியை ஆக்கிய இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நக்கமுரா ஆகிய மூவருக்கும் 2014ஆம் ஆண்டின் பௌதிகவியல் நோபல் பரிசு கிடைத்தது. அவர்களின் ஆராய்ச்சி, தலவாக்கலையில் ஒரு சுவரின்மேற் சோக்குக் கோட்டுடன் வந்து சேர்ந்ததை எண்ணி வியந்தோம்.

இருளில் மலையேறினோம்

மறுநாள் அதிகாலை 3 மணிக்குப் புறப்பட்டோம். தேநீர்ப் போத்தலும் றொட்டியும் கம்பளிப் போர்வைகளும் வண்டியில் ஏறின. லிந்துலையையும் நானுஓயாவையும் கடந்து நுவரெலியாவை அடைந்தபோது ஊர் உறங்கிக்கொண்டிருந்தது. கிரகரி வாவியின் மேல் ஆவி மெல்ல எழுந்துகொண்டிருந்தது. பிளக்பூல் சந்தியிற் பெருவீதியை விட்டு அம்பேவெலப் பாதையில் திரும்பினோம்.

அங்கேதான் மூடுபனி எம்மை மூடிக்கொண்டது. பிள்ளைகளின் ஆவலுக்காக நண்பர் ஒருமுறை தூர ஒளியை ஏற்றிக் காட்டினார். முன்னே சுண்ணாம்பு பூசிய சுவரொன்று எழுந்தாற்போல் ஆயிற்று, வீதியே தெரியவில்லை. பனியின் நுண்ணிய துளிகள் ஒளியைத் திருப்பி எம் கண்ணிலேயே எறிந்தன. காலால் ஆளியை மிதித்து ஒளியைத் தாழ்த்தியதும் சுவர் மறைந்து, இருபது முப்பது அடிக்கு வீதியும் அதன் ஓரத்துப் புல்லும் தெரிந்தன. அதிக ஒளியிற் காணாததைக் குறைந்த ஒளியிற் கண்டோம். "பெரியவர் சொன்னது இப்போது புரிகிறது" என்று எம் மகன் தானாகவே சொன்னான்.

ஒரு வளைவில், மரக்கறி மூட்டையைத் தோளிற் சுமந்த ஒருவர் ஓரமாய் ஒதுங்கி நின்றார். அவர் கண்ணை மூடவுமில்லை; கையால் மறைக்கவுமில்லை. சிறிது தூரஞ் சென்று நண்பர் வண்டியை நிறுத்தி, விளக்குகளின் கண்ணாடியைத் துணியால் துடைத்தார். பழைய குமிழின் சூட்டிற் பனிநீர் தானே காய்ந்துவிடும், எல்.ஈ.டி.யின் முன்கண்ணாடி குளிர்ந்தே இருப்பதால் ஈரம் படிகின்றது. புதியதற்கும் அதற்குரிய குறை உண்டு.

பட்டிப்பொலவைக் கடந்தோம். கடல்மட்டத்திற்கு 1,891 மீற்றர் உயரத்தில் அமைந்த அவ்வூர் நிலையமே இந்நாட்டுப் புகையிரத நிலையங்களில் மிக உயர்ந்தது. அதற்கு மேலே பாதை செங்குத்தாக ஏறியது. திடீரென இருளில் இரு பச்சை மணிகள் ஒளிர்ந்தன; பின் நான்கு, பின் ஆறு. மரைக்கூட்டம்! அவற்றின் கண்ணின் பின்புறத்திலுள்ள மென்படலம் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் அவ்வாறு மின்னுகின்றன. ஒளி கண்ணிற் பட்டால் அவை திகைத்து வீதியிலேயே நின்றுவிடும். நண்பர் வண்டியை நிறுத்தித் தலைவிளக்கை அணைத்துப் பக்க விளக்குகளை மட்டும் எரியவிட்டார். நாம் மூச்சையும் அடக்கிக்கொண்டிருந்தோம். கொம்புடைய ஆண் மரையொன்று எம்மைப் பார்த்தது, பின்னர் அவசரமின்றிப் புல்லினுள் நடந்தது, மற்றவை பின்தொடர்ந்தன.

சமவெளியில்

காலை 6 மணிக்கு வாயில் திறந்தது. 1831 முதல் 1837 வரை இலங்கையின் தேசாதிபதியாயிருந்த சேர் றொபேட் வில்மட் ஹோர்ட்டனின் பெயரை இச்சமவெளி தாங்கி நிற்கின்றது. சிங்கள மக்கள் 'மகா எலிய' என்பர். 1988இல் தேசிய பூங்காவாயிற்று. 2010இல் இலங்கையின் மத்திய மலைநாடு உலக மரபுரிமையாக ஏற்கப்பட்டபோது அதன் ஒரு பகுதியாக இதுவும் இடம்பெற்றது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் இந்த மேட்டுநிலம் நீரூட்டுகின்றது. ஈரப் புல்லில் நடக்கும்போது, நாட்டின் பெரும்பகுதிக்குச் சோறு தரும் நீரின்மேல் நடக்கின்றோம் என்ற எண்ணம் எழாமற் போகாது.

புல் நுனிகளில் உறைபனி வெண்மணலாய்ப் படிந்திருந்தது. பொலித்தீன் உறைகளை வாயிலில் ஒப்படைத்துவிட்டு, குள்ள மூங்கிற் புதர்களையும் பாசி படர்ந்த குறு மரங்களையும் கடந்து நடந்தோம். உலக முடிவை அடைந்தபோது நேரம் எட்டு மணி. ஏறக்குறைய 870 மீற்றர் ஆழத்திற்கு நிலம் சுவராக வீழ்கின்றது. கீழே தேயிலைத் தோட்டங்கள், சிறு குளங்கள், அப்பால் நீலநிறத் தென்புலம். இல்லாள் கைகூப்பி நின்றாள். ஒரு மணி நேரம் அங்கிருந்தோம். பின்னர் கீழிருந்து ஒரு சிறு மேகம் ஏறியது, அதன்பின் ஒன்று, பத்து நிமிடத்தில் எல்லாம் வெண்மையாயின. அப்போதுதான் வந்து சேர்ந்த இளைஞர் சிலர் ஏமாற்றத்துடன் அந்த வெண்மையையே படம் பிடித்தனர். பேக்கர் நீர்வீழ்ச்சியையும் கண்டு, சுமார் ஒன்பது கிலோமீற்றர் நடந்த களைப்புடன் வண்டிக்குத் திரும்பினோம்.

மலைச்சரிவில் ஒரு விளக்கு

தோட்டத்தை அடைந்து, உண்டு, படுக்கைக்குச் செல்லவிருந்த வேளையிற் கதவு தட்டப்பட்டது. மேற்பிரிவு லயத்து முதியவர் ஒருவருக்கு நெஞ்சடைப்பாம். "மாஸ்டர், வண்டி ஓடுமா?" என்று வந்தவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். வண்டி புகைந்த செய்தி தோட்டமெங்கும் பரவியிருந்தது.

நண்பர் மறுமொழி கூறாமற் சாவியை எடுத்தார். எம் மகனும் கேட்காமலே ஏறிக்கொண்டான். நாம் வாசலில் நின்று பார்த்தோம். வண்டி மேலே லயத்திற்குச் சென்று திரும்பியது. அதன்பின் தேயிலைச் சரிவில் அந்த வெள்ளொளி ஒவ்வொரு வளைவாக இறங்கிச் செல்வதைக் கண்டோம். வளைவில் மறையும், மறுபடி தோன்றும். ஓரிடத்திலும் அது மங்கவில்லை. லயத்து வாசல்களிலும் மக்கள் நின்று அதனையே பார்த்துக்கொண்டிருந்தனர். ஒளி பிரதான வீதியை அடைந்து பட்டணத்துப் பக்கம் திரும்பியதும் ஒருவர்பின் ஒருவராக உள்ளே சென்றனர்.

முதியவர் ஐந்தாம் நாள் வீடு திரும்பிவிட்டதாக நண்பர் பின்னர் தொலைபேசியிற் கூறினார். அந்த நீண்ட விளக்குச் சட்டத்தைத் தம் வீட்டு மாட்டுத் தொழுவத்திற் பூட்டியிருப்பதாகவும் சொல்லிச் சிரித்தார்.

எம் மகன் ஊருக்குத் திரும்பியதும் செய்த முதல் வேலை ஒன்றுண்டு. எமது மோட்டார்ச் சைக்கிளின் விளக்கை மாற்றவேண்டுமென்று பல நாட்களாக எம்மை நச்சரித்து வந்தவன், ஒரு சிறு மின்சூளுடன் அதன் அருகே அமர்ந்து, கம்பிகளைப் பார்க்கத் தொடங்கினான்.